மொட்டை மெயிலும் என் வீட்டு வை-ஃபையும்

போன வாரத்துக்கு முந்தின செவ்வாய்க்கிழமை காலை ஏழரை மணி வரைக்கும் நான் மரியாதைக்குரிய மனிதன். ஏழு முப்பத்தைந்துக்கு... கல்யாணத்தைக் கலைத்தவன்!

ஒன்பது வருஷமாக வாராவாரம் இந்தப் பக்கத்தில் உங்களோடு அரட்டை அடிக்கிறேனே, என்னைப் பார்த்தால் எதிர் வீட்டுப் பெண்ணின் கல்யாணத்தைக் கெடுக்கிறவன் மாதிரியா தெரிகிறது? அவசரப்பட்டுப் பதில் சொல்ல வேண்டாம். என் மனைவியே கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுத்தான் சொன்னாள்.

சம்பந்தப்பட்டவர்களிடம் அனுமதி வாங்கிவிட்டுத்தான் எழுதுகிறேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன். பஜ்ஜியை மட்டும் மாற்றவில்லை.

கிழக்கு தாம்பரத்தில், கேம்ப் ரோடிலிருந்து கூப்பிடு தூரத்தில் எங்கள் ஃபிளாட். பன்னிரண்டு வீடுகள். எதிர் வீட்டில் சண்முகம் சார், ரயில்வேயில் சிக்னல் பிரிவில் இருந்து ரிட்டயர் ஆனவர். பதினோரு வருஷமாகக் காலை வாக்கிங்கில் என் ஜோடி. அவருக்கு ஒரே பெண், கவிதா. பிசியோதெரபிஸ்ட். சிரித்த முகம், பட்டென்று பேசும் வாய். என் மூட்டு வலிக்கு அவள்தான் வைத்தியம். காலைப் பிடித்து மடக்கிவிட்டு, "வலிச்சா கத்துங்க அங்கிள், வெட்கப்படாதீங்க" என்பாள். நான் வெட்கப்பட்டதே இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை கவிதாவைப் பெண் பார்க்க வந்தார்கள். கேளம்பாக்கத்துக் குடும்பம். பையன் தினேஷ்குமார், இருபத்தொன்பது வயது, சிறுசேரியில் சாஃப்ட்வேர் வேலை. காலையிலேயே அவனுடைய அப்பா போன் பண்ணி, "ஜாதகத்தை இன்னொரு தடவை மெயில்ல அனுப்பிடுங்க, எங்க ஜோசியர் பார்க்கணும்கறார்" என்று கேட்டிருக்கிறார். சண்முகம் சார் வீட்டில் கம்ப்யூட்டர் கிடையாது. ஸ்கேனரும் இன்டர்நெட்டும் வைத்திருக்கும் மகானுபாவன் நான்தானே? ஒன்பது மணிக்கு ஜாதகத்தை ஸ்கேன் செய்து, என் கையாலேயே அனுப்பினேன்.

சாயங்காலம் நாலரைக்கு வந்தார்கள். பையனின் அப்பா, அம்மா, அக்கா, அக்கா புருஷன். பையன் தோளில் லேப்டாப் பை. பெண் பார்க்க வருகிறவன் தோளில் எதற்கு லேப்டாப்? எல்லோரும் சொஜ்ஜி சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அவன் நெளிந்தான்.

"சாரி ஆன்ட்டி. ஆபீஸ்ல ப்ரொடக்‌ஷன் இஷ்யூ. பத்தே நிமிஷம்."

பால்கனியில் போய் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தான். மல்லிகா அம்மாவுக்கு, அதாவது கவிதாவின் அம்மாவுக்கு, பூரிப்புத் தாங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமையிலும் என்ன பொறுப்பு! பால்கனிக்கே ஒரு தட்டு வாழைக்காய் பஜ்ஜி போயிற்று. நானும் என் பங்குக்கு, "தங்கமான பையன் சார்" என்று சண்முகம் சாரின் காதைக் கடித்தேன். வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொன்னதைச் சொல்லித்தானே ஆக வேண்டும்?

செவ்வாய்க்கிழமை காலை சண்முகம் சார் வாக்கிங் வரவில்லை. ஏழரைக்குக் காலிங் பெல். கதவைத் திறந்தால் அவர்தான். செருப்பைக் கழற்றவில்லை.

"உள்ள வாங்க சார்."

"இல்ல சார். இங்கயே பேசிடறேன்."

பதினோரு வருஷத்தில் அந்த மனிதர் என் வாசலில் நின்று பேசியதே இல்லை.

கையில் ஒரு பிரிண்ட்-அவுட். பையனின் அப்பாவுக்கு ஞாயிறு சாயங்காலம் வந்த மெயில். கீழே பெயர் இல்லை. நம் ஊரில் தலைமுறை தலைமுறையாகக் கல்யாணங்களைக் கலைத்து வரும் அதே மொட்டைக் கடிதாசிதான். தபால் தலை மிச்சம், அவ்வளவுதான் முன்னேற்றம்! "பெண் ஆபீஸில் ஒருவரைக் காதலிக்கிறாள். வீட்டில் கட்டாயப்படுத்துகிறார்கள். வாய் நீளம். சமையல் தெரியாது. யோசித்து முடிவெடுக்கவும். இப்படிக்கு, நலம்விரும்பி."

"அடப்பாவி! யார் சார் இந்த அயோக்கியன்?" என்று கத்தினேன்.

சண்முகம் சார் என்னையே பார்த்தார். அப்படிப் பார்க்கும்போதுதான் எனக்கு உறைத்தது.

பையனின் அக்கா புருஷன் நெட்வொர்க் துறையில் இருக்கிறாராம். சில மெயில்களுக்குப் பின்னால், அது எந்தக் கனெக்‌ஷனிலிருந்து கிளம்பியது என்று ஒரு நம்பர் தபால் முத்திரை மாதிரி ஒட்டிக்கொண்டு வருமாம். அதை எடுத்துப் பார்த்திருக்கிறார்.

"காலைல நீங்க ஜாதகம் அனுப்புனீங்கல்ல? அந்த நம்பரும் இந்த மொட்டை மெயில் நம்பரும் ஒண்ணாம் சார். உங்க வீட்டு லைன்தானாம்."

"சார்! சாயங்காலம் நான் உங்க வீட்லதானே உக்காந்து பஜ்ஜி சாப்பிட்டுட்டு இருந்தேன்?"

"நடுவுல மாத்திரை போட்டுட்டு வரேன்னு உங்க வீட்டுக்குப் போனீங்க."

போனேன்தான். பிரஷர் மாத்திரை. இப்போது அதைச் சொன்னால் பிரஷர்தான் ஏறும்.

கடைசி அஸ்திரமாக, "எழுதறதே என் பொழைப்பு சார். இவ்ளோ மட்டமாவா எழுதுவேன்?" என்று கேட்டேன்.

"அதான் சார் சந்தேகமே. உங்க ஸ்டைல்லயே இருக்கு" என்று சொல்லிவிட்டு அவர் எதிர் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தினார்.

ஒன்பது வருஷத்தில் எனக்கு வந்த மிக மோசமான விமர்சனம் இதுதான் என்று பணிவோடு தெரிவித்துக்கொள்கிறேன்.

சிரிப்பை அடக்கிக்கொண்டு கேளுங்கள். என் கதை கிடக்கட்டும், கவிதாவை நினைத்துப் பாருங்கள். கேளம்பாக்கத்துக்காரர்கள் "வேண்டாம்" என்றுவிட்டார்கள். அது போகட்டும். ஆனால் தரகர் காதுக்கும் விஷயம் போய்விட்டது. அடுத்து பேசிக்கொண்டிருந்த நங்கநல்லூர் வரனும் சத்தமில்லாமல் பின்வாங்கிவிட்டது. செய்யாத ஒன்றைச் செய்ததாக ஒரு பெண்ணின் பெயர் ஊர் சுற்றிக்கொண்டிருந்தது. அது என் வீட்டிலிருந்து கிளம்பியிருக்கிறது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

பதினொரு மணிக்கு மீன் கூடையோடு தனம் வந்தாள். கோவளத்திலிருந்து வருகிறவள். எங்கள் ஃபிளாட்டின் செய்திகள் எங்களுக்கு முன்னால் அவளுக்குத் தெரியும்.

"இன்னா சார், எதுத்த வூட்டுப் பொண்ணைப் பத்தி நீதான் மொட்டை லெட்டரு போட்டியாமே? இன்னாத்துக்கு சார் உனுக்கு இந்த பேஜார் புடிச்ச வேலை?"

"நான் போடலை தனம்!"

"கம்ப்யூட்டர்ல போட்டியாமே... அதுல கூடவா மொட்டை லெட்டரு போடலாம்?" என்று ஆச்சரியப்பட்டாள். அன்றைக்கு எனக்குக் கொடுத்த சங்கராவில் ஒன்று கூட நல்ல சைஸ் இல்லை. தண்டனை தொடங்கிவிட்டது.

இனி ஒரே வழி ஷீபா. எங்களுக்கு நேர் மேல் வீடு. இரண்டு பிள்ளைகளின் அம்மா. சிறுசேரியில் ஒரு கம்பெனியில் நெட்வொர்க் செக்யூரிட்டி டீமுக்கே லீடர். சாயங்காலம் கேம்ப் ரோடில் கம்பெனி பஸ் வந்து நிற்கும் இடத்திலேயே போய் நின்றேன். அவள் இறங்கியதும் மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் கொட்டினேன்.

முழுவதும் கேட்டுவிட்டு அவள் சொன்ன முதல் வாக்கியம்: "அண்ணா, உங்க வை-ஃபைக்குத்தான் பாஸ்வேர்டே கிடையாதே!"

"அது உனக்கெப்படித் தெரியும்?"

ஷீபா நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

நான் வை-ஃபை வாங்கி ஆறு மாதம் ஆகிறது. பொருத்த வந்தவர், "பாஸ்வேர்ட் போட்டுடலாமா சார்?" என்று கேட்டார். நான் சிரித்தேன். எங்கள் ஃபிளாட்டில் ஏணி பொது, தேங்காய் துருவி பொது, மாவு புளிக்காவிட்டால் பக்கத்து வீட்டு மாவும் பொது. காற்றில் வருகிற இன்டர்நெட்டுக்குப் போய்ப் பூட்டா? இன்டர்நெட்டைத் திருட யாராவது சுவர் ஏறிக் குதிப்பார்களா என்ன? சுவர் ஏற வேண்டியதே இல்லை என்பது எனக்கு அப்போது தெரியாது.

மாடிப்படி ஏறும்போது கவிதா எதிரே வந்தாள். எனக்குத் தலை நிமிரவில்லை. அவளே நின்றாள்.

"நீங்க எழுதலைன்னு எனக்குத் தெரியும் அங்கிள்."

"எப்படிம்மா?"

"எனக்கு வாய் நீளம்னு என் மூஞ்சிக்கு நேராவே நூறு தடவை சொல்லிருக்கீங்க. அதுக்கு எதுக்கு மெயில்?"

அந்த நிமிஷம் அந்தப் பெண்ணைக் கோயில் மாதிரி சுற்றி வரலாம் போல இருந்தது. கூடவே வந்தாள். மூன்று பேரும் என் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தோம்.

ஷீபா ரூட்டரின், அதாவது அந்த வை-ஃபை பெட்டியின், செட்டிங்ஸ் பக்கத்துக்குள் போனாள். பயனர் பெயர் அட்மின். பாஸ்வேர்ட்... அதுவும் அட்மின். திறந்துகொண்டது! "கடையில இருந்து வந்தபடியே விட்டிருக்கீங்க அண்ணா. பூட்டை வாங்கிட்டு சாவியை அதுலயே தொங்கவிட்ட மாதிரி." எங்கே எதை அழுத்தினாளோ, ஒரு பட்டியல் வந்தது. கடந்த ஒரு வாரத்தில் என் வீட்டு நெட்டில் நுழைந்த கம்ப்யூட்டர்கள், பெயரோடு.

என் வீட்டில் இருப்பது ஒரே ஒரு கம்ப்யூட்டர். பட்டியலில் இருந்தது பதினொன்று!

"இது யாரு?"

"கீழ மெடிக்கல் ஷாப்."

"இது?"

"நம்ம அசோசியேஷன் செகரட்டரி. பெயரைப் பாருங்க, செகரட்டரின்னே வெச்சிருக்கார்."

"இந்த ஷீபா-ஹோம் யாரும்மா?"

ஷீபா மவுஸை இங்குமங்கும் நகர்த்தினாள். "அது... எங்க வீட்டுக்காரர் அண்ணா. நான் வேணாம் வேணாம்னுதான் சொன்னேன்." நெட்வொர்க் செக்யூரிட்டி டீம் லீடரின் முகம் சிவந்து நான் அன்றுதான் பார்த்தேன். கவிதா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன். அவ்வளவு கஷ்டத்திலும் எங்களுக்குச் சிரிப்பு வந்தது.

கீழே இருந்து மூன்றாவது பெயரில் ஷீபாவின் விரல் நின்றது. ஞாயிறு, நாலு ஐம்பத்திரண்டுக்கு உள்ளே வந்து, ஐந்து எட்டுக்கு வெளியே போனது. ஒரே ஒரு தடவை.

'தினேஷ்குமார்-லேப்டாப்.'

எங்கள் ஃபிளாட்டில் தினேஷ்குமார் யாரும் இல்லை. சண்முகம் சார் வீட்டுப் பால்கனிக்கும் என் ரூட்டர் இருக்கும் ஜன்னலுக்கும் நடுவில் எட்டடி இருந்தால் அதிகம்.

ப்ரொடக்‌ஷன் இஷ்யூ!

கற்பனை செய்து பாருங்கள். உள்ளே அவனுக்குப் பார்த்த பெண். பக்கத்தில் அவளுடைய அம்மா கொண்டுவந்து வைத்த சூடான பஜ்ஜி. ஒரு கையால் அதைத் தின்றுகொண்டே, இன்னொரு கையால் "பெண்ணுக்குச் சமையல் தெரியாது" என்று தன் அப்பாவுக்கே மொட்டை மெயில் தட்டியிருக்கிறான் அந்தத் தங்கமான பையன்! அவனுடைய அப்பா அப்போது பத்தடி தூரத்தில் உட்கார்ந்து இரண்டாவது ரவுண்டு சொஜ்ஜி கேட்டுக்கொண்டிருந்தார்.

"சாஃப்ட்வேர்ல இருக்கிறவன் இவ்ளோ அசட்டுத்தனமா மாட்டுவானா ஷீபா?"

"அவர் மெயின்ஃப்ரேம் ஆளா இருப்பார் அண்ணா, அந்தக் காலத்து ராட்சசக் கம்ப்யூட்டர் பார்க்கறவங்க, நெட்வொர்க் பக்கமே வர மாட்டாங்க" என்றாள், ஒரு டாக்டர் இன்னொரு டாக்டரைப் பற்றிச் சொல்கிற தோரணையில்.

சண்முகம் சாரைக் கூப்பிட்டோம். வந்தார், ஸ்கிரீனைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். பிறகு என் தோளில் கையை வைத்தார். அடுத்த நிமிஷம் இரண்டு கிழங்களுக்கும் ஆவேசம் வந்துவிட்டது. இப்போதே கேளம்பாக்கம் போய் அவன் அப்பாவை நாலு வார்த்தை கேட்காமல் விடுவதில்லை! நான் சட்டையே மாட்டிவிட்டேன். பட்டன் ஒன்று மாற்றிப் போட்டிருந்தேன் என்பது வேறு விஷயம்.

"அப்பா, அங்கிள், ரெண்டு பேரும் உக்காருங்க" என்றாள் கவிதா. "கெட்டது என் பேரு. நான் பேசிக்கறேன்."

செல்போனில் ஸ்பீக்கரைப் போட்டாள்.

"தினேஷ், நான் கவிதா. கிழக்கு தாம்பரம். பஜ்ஜி நல்லா இருந்துதா?"

பதிலுக்குக் காத்திராமல் அவளே தொடர்ந்தாள்.

"மெயில்ல பேரு போடலை, சரி. லேப்டாப்ல உங்க பேரு இருக்கே, அதை மறந்துட்டீங்களே?"

மறுமுனையிலிருந்து ஒரு குரல் வந்தது. அழுகிற குரல். கூட வேலை பார்க்கிற ஒரு பெண்ணை நாலு வருஷமாக விரும்புகிறானாம். அப்பாவிடம் சொல்லத் தைரியம் இல்லையாம். பெண் வீட்டார் மேல் பழி போட்டால் அப்பாவே வேண்டாம் என்றுவிடுவார் என்று நினைத்தானாம். "பக்கத்துல ஏதோ ஓப்பன் வை-ஃபை கிடைச்சுது. யாருதுன்னே தெரியாதுங்க. யாரும் கண்டுபிடிக்க முடியாதுன்னு நெனச்சேன்..."

"உங்களுக்கு என்னைப் பிடிக்கலைன்னா எனக்கு ஒண்ணும் இல்லைங்க. நானும் உங்களை அப்படி ஒண்ணும் பார்க்கலை" என்றாள் கவிதா. அதுவரை தைரியமாக இருந்தவளுக்குக் குரல் லேசாக உடைந்தது. "ஆனா எங்கப்பா ரெண்டு நாளா சரியா சாப்பிடலை. எதிர் வீட்டு அங்கிள் தலை நிமிர்ந்து நடக்கலை. எழுதினது நீங்கதான்னு உங்கப்பாகிட்ட நீங்களே சொல்லணும். தரகர்கிட்டயும் சொல்லணும்."

"அப்பா கொன்னுடுவாருங்க."

"கொல்ல மாட்டார். அப்படியே கொன்னாலும் ஞாயித்துக்கிழமைக்குள்ள சொல்லிட்டு சாவுங்க."

நானும் சண்முகம் சாரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். வாய் நீளம்தான். ரொம்ப நீளம். எனக்குப் பெருமையாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள், அப்பாவும் பிள்ளையும் மட்டும். அந்தப் பெரியவர் கைகூப்பிக்கொண்டே படியேறினார். தினேஷ்குமார் கவிதாவிடம் மன்னிப்புக் கேட்டான், சண்முகம் சாரிடம் கேட்டான், எதிர் வீட்டுக்கு வந்து என்னிடமும் கேட்டான். திட்டுவதற்கு ஐந்து நாளாக வசனம் தயாரித்து வைத்திருந்தேன். பையனின் முகத்தைப் பார்த்ததும் அத்தனையும் மறந்துவிட்டது. "தம்பி, காபி சாப்பிடறியா?" என்று கேட்டுத் தொலைத்தேன். தரகருக்கும் அவனே போன் பண்ணி உண்மையைச் சொன்னான். மறுநாளே நங்கநல்லூர்க்காரர்கள் ஜாதகம் கேட்டு ஆள் அனுப்பினார்கள். கவிதாதான் இப்போது யோசிக்கிறாளாம். நன்றாக யோசிக்கட்டும்!

ஒரு விஷயம் மட்டும் நினைத்தால் இன்னும் உடம்பு சில்லிடுகிறது. அந்தப் பையன் அனுப்பியது வெறும் கல்யாணப் புரளி. அவன் இடத்தில் வேறொருவன் உட்கார்ந்து வெடிகுண்டு மிரட்டல் அனுப்பியிருந்தால்? வாசலில் சண்முகம் சாரா நின்றிருப்பார்? போலீஸ் ஜீப் நின்றிருக்கும். எனக்கு ஒன்றும் தெரியாது ஐயா என்றால், லைன் உன் பேரில்தானே இருக்கிறது என்பார்கள்.

அதனால் ஷீபா டீச்சர் நடத்திய பாடத்தை அப்படியே உங்களுக்குத் தருகிறேன். முதல் வேலை, ரூட்டரின் 'அட்மின்' பாஸ்வேர்டை மாற்றுவது. அடுத்தது வை-ஃபைக்குப் பூட்டு. அதில் இரண்டு மூன்று ரகம் காட்டும். டபிள்யூ-ஈ-பி என்பது பழைய ரகம், விவரம் தெரிந்தவன் சில நிமிஷத்தில் உடைத்துவிடுவானாம். டபிள்யூ-பி-ஏ-டூ என்று இருந்தால் அதைத்தான் போட வேண்டும். பாஸ்வேர்ட் நீளமாக, எழுத்தும் எண்ணும் கலந்து இருக்கட்டும். என் மனைவி எங்கள் கல்யாண நாளைச் சொன்னாள். "ஃபிளாட் பூரா தெரியும் அக்கா" என்று ஷீபா நிராகரித்துவிட்டாள். எனக்குத்தான் சில வருஷம் மறந்துவிடுகிறது.

கம்ப்யூட்டரில், வெளியாளை உள்ளே விடாத ஃபயர்வாலும் ஆன்ட்டி-வைரஸும் எப்போதும் ஆனில் இருக்க வேண்டும். ஸ்டேஷன், காபி ஷாப், ஏர்போர்ட் என்று எங்கேயாவது இலவச வை-ஃபை கிடைத்தால் செய்தி படியுங்கள், கிரிக்கெட் ஸ்கோர் பாருங்கள், பேங்க் கணக்கை மட்டும் திறக்காதீர்கள். பூட்டில்லாத வை-ஃபையில் நாம் அனுப்புவதைப் பக்கத்தில் இருப்பவன் ஒரு சின்ன சாஃப்ட்வேரை வைத்துப் படித்துவிட முடியும். நான் நம்பவில்லை. என் வை-ஃபையைப் பூட்டுவதற்கு முன்னால் ஷீபா தன் லேப்டாப்பில் எனக்கே செய்து காட்டினாள். நான் அந்த நிமிஷம் தேடிக்கொண்டிருந்தது அவள் ஸ்கிரீனில் ஓடியது: 'ஐம்பத்தாறு வயதில் முடி வளருமா?' உடனே பூட்டச் சொல்லிவிட்டேன்.

பூட்டிய கொஞ்ச நேரத்தில் கீழிருந்து மெடிக்கல் ஷாப்காரர் மேலே வந்தார். "இன்னா சார், நெட்டு வரல? கம்ப்ளெய்ன்ட் குடுத்தியா இல்லியா? கஸ்டமருக்கு மெயில் அனுப்பணும், அர்ஜன்ட்டு!" என்று கோபித்துக்கொண்டார். நான்தான் சாரி சொன்னேன்.

வை-ஃபைக்குப் பூட்டுப் போட எங்களுக்கு ஆனது மொத்தம் பத்து நிமிஷம். அந்தப் பையனுக்குத் தன் அப்பாவிடம் வாயைத் திறக்க... இருபத்தொன்பது வருஷம்!